பதினோராம் பக்கத்து மனிதத் தவறு

அனுப்புநர்:
ப. கஸ்தூரி (வயது 46),
க/பெ. பக்தவத்சலம்,
பொன்னியம்மன் கோயில் பின்தெரு,
பாரிவாக்கம், பூந்தமல்லி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: உணவுப் பொறியியல் படிப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியருக்கு 04.08.2025 அன்று வழங்கவிருக்கும் தொழில் அறிமுகக் கையேட்டின் பதினோராம் பக்கத்தில், இறந்துபோன என் மகள் எழிலைப் பற்றி அச்சிட்டிருக்கும் பொய்யை நீக்கி, நடந்ததை அச்சிட உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். ஏழாவது வரை படித்திருக்கிறேன். போன வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருகிற ஒருவரிடம் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ‘தங்கள் பொற்பாதங்களைத் தொட்டு’ என்று இரண்டு வரி எழுதிவிட்டார். நான் வந்தது யார் பாதத்தையும் தொடுவதற்கு அல்ல, ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு. தாளை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கம்பெனியின் பெயர், கல்லூரியின் பெயர், மேலாளர் பெயர், துறைத்தலைவர் பெயர் ஆகிய நான்கையும் தனித்தாளில் எழுதி உறையில் வைத்திருக்கிறேன். மனுவிலேயே எழுதினால் மானநஷ்ட வழக்கு போடுவார்கள் என்று தெருவில் சொன்னார்கள். அவர்கள் மானம் அவ்வளவு மெல்லிய துணி என்று எனக்கு இதுவரை தெரியாது. நான் துணி துவைக்கிறவள். பார்த்துத்தான் கையாள வேண்டும்.

2. எங்கள் ஊரை ஒட்டி பன், ரஸ்க், பிஸ்கட் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதில் ஒன்பது வருஷம் துணி அறையில் வேலை செய்தேன். வேலை செய்கிறவர்களின் ஏப்ரன், தொப்பி எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, எண் பார்த்துக் கொடுப்பது என் வேலை. என் மகள் எழில் பன்னிரண்டாவது முடித்தவள். அதே கம்பெனியில் மாவு பிசையும் பகுதியில் நான்கு வருஷமாக ஒப்பந்தத்தில் துப்புரவு வேலையில் இருந்தாள். இறக்கும்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று. அவள் ஏப்ரன் எண் பதினேழு.

3. பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் உணவுப் பொறியியல் என்று ஒரு படிப்பு உண்டு. அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதற்காக வருஷத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வருவார்கள். அன்றைக்கு வாசலில் பேனர் கட்டுவார்கள். துறைத்தலைவருக்குச் சால்வை. மேலாளர் அன்று ஒரு நாள் மட்டும் வெள்ளைக் கோட்டு போடுவார். அந்தக் கோட்டை இஸ்திரி போடுவதும் நான்தான். ‘உணவுப் பொறியாளர் என்பவர் நாட்டின் வயிற்றைக் காக்கிறவர்’ என்று செல்போனைப் பார்த்துப் படிப்பார். அவர் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு வீட்டிலிருந்து கேரியர் வரும்.

மெஷினை அறிமுகம் செய்வார்கள். அடுப்பை அறிமுகம் செய்வார்கள். மைதா மூட்டையைக்கூட எந்த ஆலையிலிருந்து வந்தது என்று அறிமுகம் செய்வார்கள். அங்கே நின்று வேலை செய்கிற ஒரு ஆளைக்கூட, இவர் பெயர் இன்னது என்று யாரும் அறிமுகம் செய்ததில்லை.

4. இனி சொல்வதைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். மாவு பிசையும் மெஷினை நாங்கள் மிக்சர் என்போம். தின்கிற மிக்சர் அல்ல. ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரும் அளவுக்குப் பெரிய இரும்புத் தொட்டி, நடுவில் கனமான இரும்புக் கைகள். காய்ந்த மாவைச் சுரண்டிக் கழுவ வேண்டுமென்றால் ஆள் உள்ளே இறங்க வேண்டும். இறங்கும் முன் சுவரில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் பூட்டு போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். இருக்கிறதாம் என்றுதான் எழுத முடியும். அந்தப் பூட்டை ஒன்பது வருஷத்தில் நான் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டால், எழுதிக் கேட்டிருக்கிறோம், வரும் என்பார்கள். மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாதபடி ஒரு சின்ன பொத்தானும் உண்டு. அதை வேலை தாமதமாகிறது என்று டேப் போட்டு அழுத்தி ஒட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது.

பூட்டு வராததால் நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உள்ளே இறங்குகிறவர் தன் ஏப்ரனைக் கழற்றி அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏப்ரன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும், வேறு கை படக்கூடாது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் முதல் நாளே இது புரிந்துவிடும். அந்த ஷெட்டில் இது தெரியாத ஒரே ஆள் மேலாளர்தான். தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் அந்தப் பக்கம் நின்றதில்லை.

5. 13.03.2025, வியாழக்கிழமை. மிக்சரை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் கழுவுவோம். அன்றைக்குப் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள், மெஷின் பளபள என்று இருக்க வேண்டும் என்று காலை பத்து மணிக்கு எழிலைக் கழுவச் சொன்னார் மேலாளர். அவள் மெயினை அணைத்தாள். ஏப்ரனை மாட்டினாள். இறங்கினாள். மாட்டியதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர்கள் தனித்தாளில்.

பஸ் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. நாற்பது பேர் என்று சொல்லியிருந்தார்கள், நாற்பது ஏப்ரன் எடுத்து வைத்திருந்தேன். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அலமாரியைக் கிளறி இன்னும் இரண்டு கொடுத்தேன். ஒரு மாணவிக்கு மட்டும் இல்லை. ஏப்ரன் இல்லாமல் உள்ளே விட்டால் சுத்தம் கெட்டுவிடும். மேலாளர் என்னிடம், “இன்னாமா கஸ்தூரி, ஒரு ஏப்ரனுக்காக காலேஜ்காரங்க முன்னாடி என் மானத்த வாங்கறியே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரை நிமிஷத்தில் கையில் ஒன்றோடு வந்தார். “இதோ, சும்மா தொங்கிகினு கீது. கண்ணு எங்க வச்சிகினு கீற நீ” என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அது நகைச்சுவை.

அந்த மாணவிக்கு முதுகுப் பக்கம் கயிறு கட்டத் தெரியவில்லை. நான் கட்டிவிட்டேன். எண் நெஞ்சுப் பக்கம் எழுதியிருக்கும். முதுகுப் பக்கம் நின்று கட்டுகிறவளுக்கு அது தெரியாது. இதை நான் யார் கேட்டும் சொல்லவில்லை, நானாகவே எழுதுகிறேன். மேலாளருக்கும் இப்படி ஒரு பழக்கம் இருந்திருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இல்லை.

6. எட்டு நிமிஷம் கழித்து மிக்சர் முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து, கழுவி முடிந்ததா என்றுகூடக் கேட்காமல் ஓட்டிக் காட்டச் சொன்னார் மேலாளர். மெஷின் ஓட்டும் கார்த்திகேசன் அப்போதுதான் வெளியிலிருந்து வந்தார். அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். கைப்பிடியைப் பார்த்தார். ஏப்ரன் இல்லை. மூடி பாதி இறங்கியிருந்தது, தொட்டியின் வாய் சுவர்ப் பக்கம் இருந்தது. மெயினைப் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரித் தாளின் நகல் இணைப்பில் இருக்கிறது.

கார்த்திகேசன் மேல் எனக்குப் புகார் இல்லை. பதினாறாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து, “பாத்துட்டுதான்க்கா போட்டேன், தொங்கல, சத்தியமா தொங்கல” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்வது உண்மை. தொங்கவில்லை. மேலாளரும் விசாரணையில், அங்கே ஏப்ரன் எதுவும் தொங்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மை. தான் எடுத்துக்கொண்டு போன பிறகு அது எப்படித் தொங்கும்.

மாணவர்களைப் பத்து நிமிஷத்தில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். போகும் வழியிலேயே வருகை எப்படி இருந்தது என்று ஒரு படிவம் கொடுத்து எழுதி வாங்கினார்களாம். கல்லூரியின் செய்தி மடலில் ‘பயனுள்ள தொழிற்சாலை வருகை’ என்று போட்டோவுடன் வந்திருக்கிறது. பயன் யாருக்கு என்று போடவில்லை.

7. போலீஸ் விசாரணை நடக்கிறது என்கிறார்கள். நடக்கட்டும். அது இந்த மனுவில் இல்லை. பணம் கேட்டும் இந்த மனு இல்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு கவரோடு வந்தார்கள், என் கணவர் கதவைச் சாத்திவிட்டார்.

8. இம்மாதம் 12ஆம் தேதி ஒரு மாணவி என் வீட்டைத் தேடி வந்தார். பெயர் கிருஷ்ணப்பிரியா, ஆவடி சேக்காட்டில் குடியிருப்பவர். கையில் ஒரு பை. அதற்குள் துவைத்து மடித்த ஏப்ரன். எண் பதினேழு.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஆன்ட்டி, நீங்கதான் எனக்குக் கட்டிவிட்டீங்க. அந்த சார் சுவிட்ச்ல இருந்து எடுத்தப்ப நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன். எனக்கு அது என்னன்னு தெரியாது. அப்புறம் மெஷின் ஓட்டின அண்ணா பதினேழு எங்க, பதினேழு எங்கன்னு கத்திக்கிட்டே ஓடினாரு. பஸ்ல உக்காந்து குனிஞ்சு பாத்தப்பதான்...” நான் சோறு போட்டேன். சாப்பிடவில்லை. மறுபடி போட்டேன். சாப்பிட்டார்.

இதைத் துறைத்தலைவரிடம் அவர் மார்ச் மாதமே சொல்லியிருக்கிறார். ‘இன்டர்னல் மார்க் என் கையில் இருக்கிறது, படிப்பை முடிக்கிற வழியைப் பார்’ என்று பதில் வந்திருக்கிறது. இதுவும் தொழில் அறிமுகம்தான்.

அவர் கொண்டுவந்த இன்னொன்று, புதுப் பிள்ளைகளுக்காக அச்சான கையேடு. தலைப்பு: ‘உணவுப் பொறியியல்: ஓர் இனிய அறிமுகம்’. வழவழப்பான தாள். பதினோராம் பக்கத்தில் எங்கள் மிக்சரின் படம். கழுவி முடிக்காத மிக்சர், கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் மாவு தெரியும். கீழே இப்படி இருக்கிறது:

‘மனிதத் தவறு – ஒரு பாடம். பாதுகாப்பு விதிகள் பற்றிய அறியாமையால், துப்புரவுப் பெண் பணியாளர் ஒருவர் இயங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தினுள் அனுமதியின்றி இறங்கி உயிரிழந்தார். கல்வியறிவற்ற பணியாளர்களைக் கண்காணிப்பது வருங்காலப் பொறியாளர்களாகிய உங்கள் கடமை.’

9. கல்லூரிக்குப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்த பின் துறைத்தலைவர் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதை மறைக்க மாட்டேன். தட்டில் பிஸ்கட் வைத்தார். “எங்க ஸ்டூடன்ட்ஸ் பண்ணது, கேழ்வரகு குக்கீ, டேஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா” என்றார். மகளைப் பறிகொடுத்தவளிடம் ருசி எப்படி என்று கேட்கிற படிப்பு அது. நானும் ஒன்பது வருஷம் பிஸ்கட் கம்பெனியில் இருந்தவள் என்பதால் பதில் சொன்னேன். சோடா உப்பு தூக்கல்.

பக்கத்தை எடுத்துக் காட்டினேன். “இதுல உங்க பொண்ணு பேரே போடலையேம்மா. எந்தக் கம்பெனின்னும் போடலை. பொதுவா ஒரு உதாரணம். நீங்க ஏன் உங்க பொண்ணுன்னு எடுத்துக்கறீங்க” என்றார்.

பெயர் போடாமல் அடித்தால் வலிக்காது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மனிதத் தவறு என்றால் என்ன அர்த்தம் என்றும் கேட்டேன். “மெஷின் மேல தப்பு இல்ல, மனுஷங்க மேல தப்புன்னு அர்த்தம்மா” என்றார். சரிதான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன், எந்த மனுஷன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு மீட்டிங் இருந்தது.

10. ஐயா, அந்தப் பக்கத்தில் மூன்று வார்த்தை இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

‘இயங்கிக்கொண்டிருந்த’ என்பது பொய். அவள் நிறுத்திவிட்டு இறங்கினாள். ஓடுகிற மிக்சருக்குள் யாராலும் இறங்க முடியாது என்பது மிக்சரைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். உணவுப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை.

‘அனுமதியின்றி’ என்பது பொய். இறங்கச் சொன்னதே மேலாளர். அதுவும் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் கண்ணுக்கு மெஷின் மின்ன வேண்டும் என்று.

‘அறியாமை’ என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுவேன். போன வருஷ வருகையில் ஒரு மாணவர், மழைக்காலத்தில் மாவு ஏன் அதிகமாக ஒட்டுகிறது என்று கேட்டார். மேலாளர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் மேலாளரைப் பார்த்தார். வாளியோடு நின்றிருந்த எழில்தான், மாவு மூட்டை காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும், அதனால் அன்றைக்குத் தண்ணீரைக் குறைப்போம், எவ்வளவு குறைப்பது என்று உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் தெரியும் என்று சொன்னாள். மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் மேலாளர் துணி அறைக்கு வந்து, “உன் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்மா, கிளீனிங்னா கிளீனிங் மட்டும் பாக்கச் சொல்லு” என்றார். நானும் அவளிடம் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் அதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் வாயை அடைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அந்த வாய்க்கு இப்போது அறியாமை என்று பெயர் வைக்க நான் விட மாட்டேன்.

11. இது என் மகளின் பெயருக்காக மட்டும் கேட்பது அல்ல. அடுத்த திங்கட்கிழமை இருநூற்று நாற்பது பிள்ளைகள் அந்த மண்டபத்தில் உட்காரப் போகிறார்கள். நான்கு வருஷத்தில் அவர்களும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஏதோ ஒரு கம்பெனியில் மேலாளராக நிற்பார்கள். முதல் நாளே அவர்களுக்குத் தவறு செய்கிறவள் வாளி பிடித்தவள் என்று சொல்லிக் கொடுத்தால், கைப்பிடியில் தொங்குகிற எதைப் பார்த்தாலும் அவர்கள் கை தயங்காமல் நீளும். இன்னொரு வீட்டுப் பெண் உள்ளே இருப்பாள்.

12. ஆகவே கேட்பது இவ்வளவுதான். 04.08.2025க்கு முன் அந்தக் கையேட்டின் பதினோராம் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு பக்கம் ஒட்ட உத்தரவிட வேண்டும். வெறும் வெள்ளைத் தாளாக விட்டுவிட்டு முடிந்தது என்று சொல்ல விடக்கூடாது. என்ன எழுதுவது என்று அவர்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன்:

‘மனிதத் தவறு. எழில், வயது 23, மிக்சரை நிறுத்திவிட்டு, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகத் தன் ஏப்ரனைச் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்கினார். பூட்டு கம்பெனி தரவில்லை. உங்களைப் போலச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவருக்கு ஏப்ரன் குறைந்ததால் மேலாளர் அதை எடுத்துக்கொண்டார். அது எதற்காகத் தொங்குகிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.’

பத்து வரிக்குள் அடங்கும். படத்துக்கும் இடம் இருக்கும்.

கிருஷ்ணப்பிரியா கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் படிப்புக்கோ மதிப்பெண்ணுக்கோ ஒரு குறை வந்தால் அதற்கும் தனியாக மனு எழுதுவேன். எழுதப் பழகிவிட்டேன்.

மேற்படி நிகழ்ச்சி காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்குகிறது. அதற்குள் தங்கள் உத்தரவு அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் நான் போய்ச் சேர்வேன். மண்டபத்துக்குள் விட மாட்டார்கள், தெரியும். அதற்கு ஒரே ஒரு வாசல்தான். இருநூற்று நாற்பது பேரும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவரையும் நிறுத்தி, என் மகளின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன்.

இடம்: பாரிவாக்கம்
நாள்: 28.07.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ப. கஸ்தூரி
(ஒப்பம்)

இணைப்பு:
பெயர்கள் அடங்கிய தனித்தாள் (உறையில்)
ஆஸ்பத்திரித் தாள், இறப்புச் சான்று – நகல்
கையேட்டின் பதினோராம் பக்கம் – நகல்
மாணவி கிருஷ்ணப்பிரியாவின் கடிதம் – அசல்